நீ வாங்கப்போகும் சிம் கார்டைப் பற்றி

அன்புள்ள ஆனந்த்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் குன்னூர் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை விரித்துவைத்து, நெதர்லாந்து போனபிறகு போனுக்கு என்ன ஏற்பாடு என்று எனக்கு விளக்கினாய். மூன்று கட்டம் போட்டிருந்தாய். ஒன்றில் இங்கிருந்தே ரோமிங், அடுத்ததில் ஈ-சிம், மூன்றாவதில் அங்கே இறங்கி வாங்கும் சிம். கடைசியில் இருப்பதிலேயே மலிவான திட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, "அம்மாவுக்கு இதுவே தாராளம். வாரத்துக்கு ஒருதரம், மூணு நிமிஷம். அதுக்கு மேல பேசினா உங்களுக்குத்தான் பிடிக்காதே" என்று சிரித்தாய். கவிதாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று மாலை நீ காருக்குக் காற்று அடிக்கப் போயிருந்தாய். கவிதா என் பக்கத்தில் உட்கார்ந்து உன் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர்க் குளிர் நம் மலைக் குளிரைப் போல இருக்காது, உள்ளே போடத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "ஆமா அத்தை, ஜெர்மனியில இருந்தப்ப நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாரே, அதுக்கப்புறம் குளிர்னாலே இவர்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்தானே அத்தை?" தெரியும் என்றேன். அது பொய். மருமகளுக்குத் தெரிந்த ஒன்று பெற்றவளுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மறைத்தது அவள் இல்லை. நீயும் மறைக்கவில்லை என்பதை இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இரண்டு வருடம் என்கிறாய். எனக்கு எழுபத்து மூன்று முடியப்போகிறது. அங்கிருந்து எனக்கு எதுவும் வேண்டாம். சாக்லேட்டும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம். உனக்கு அங்கே என்ன நடக்கிறதோ அது நடக்கும்போதே எனக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்துச் சட்டை மடிக்கும் நேரத்தில் தெரிய வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்பது. அதற்கு நீ வட்டமிட்ட திட்டம் போதாது.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற மணியின் செல்போன் கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டதால் கடையில் ஆள் இல்லை. "ஏனுங்கம்மா, நீங்க போறீங்களா, பையன் போறாருங்களா?" என்றான். பையன், இரண்டு வருடம் என்றேன். "அப்ப இங்கிருந்தே ரோமிங் போட்டுட்டுப் போறதெல்லாம் வேண்டாமுங்க. அது பத்து நாள் டூர் போறவங்களுக்கு. ரெண்டு வருஷத்துக்கும் அதையே வச்சிருந்தா, கேத்தியில கேரட் காடு ஒண்ணு இருந்தா வித்துத்தானுங்க கட்டோணும்" என்றான். எங்களுக்குக் காடு கிடையாது என்றேன். "தெரியுமுங்க, அதனாலதான் சொல்றேன்" என்று சிரித்தான். பிறகு நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னான். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "டெலிபோன் ஆபீசு அம்மாவுக்கே நான் பாடம் எடுக்கறேனாக்கும்! உங்க சர்வீசுக்கு நீங்கதானுங்க எனக்குச் சொல்லித் தரோணும்" என்றான். என் சர்வீசில் கற்றதை அவனுக்குச் சொல்லித் தராமல் இருப்பதே நல்லது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். முதலில், உன் போன் எந்த கம்பெனி சிம்மையும் ஏற்கிறதா, ஈ-சிம் போட முடியுமா என்று இங்கேயே பார்த்துவிடு. முடியுமென்றால் முதல் பத்து நாளுக்கு மட்டும் சிறிய ஈ-சிம் ஒன்றை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிக்கொள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து நாள் எண்ணுவார்களா, அங்கே இறங்கி நெட்வொர்க்கைத் தொட்ட பிறகு எண்ணுவார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்கு. ஒரு நாள் என்றால் இருபத்து நாலு மணி நேரமா, காலண்டர் தேதியா என்பதையும் பார். நடுப்பகலில் இறங்குகிறவனுக்கு அது அரை நாள் வித்தியாசம். விமானத்தில் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடு. சில விமானங்களில் அவர்களுடைய நெட்வொர்க்கே இருக்குமாம், போன் தானாக அதில் போய் ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டணம் தனி. ஏர்போர்ட்டில் பளபளவென்று இருக்கும் கவுண்டரில் சிம் வாங்காதே. அவசரத்தில் இருப்பவனிடம் வாங்கும் விலை அது. ஊருக்குள் போய், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு கடை ஏறி இறங்கி பிரீபெய்டு ஒன்று வாங்கு. வீட்டு விலாசமும் அங்கத்திய வங்கிக் கணக்கும் ஆகும்வரை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதே. அக்கம்பக்கத்து நாடுகளில் பெரும்பாலும் அதே சிம் கூடுதல் கட்டணமில்லாமல் வேலை செய்யும், ஆனால் சுவிட்சர்லாந்து அதில் சேராமல் போகலாம் என்று மணி சொன்னான். கவிதாவுக்கு அங்கே மலை பார்க்க ஆசை இருப்பது எனக்குத் தெரியும். ரயில் ஏறும் முன் உன் திட்டத்தில் அது சேருமா என்று பார்த்துவிடு.

உன் இந்திய நம்பரை விட்டுவிடலாம் என்று சொன்னாய். விடாதே. வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சும்மா கிடந்தால் சில மாதத்தில் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இருப்பதிலேயே சிறிய ரீசார்ஜைப் போட்டு உயிரோடு வைத்திரு. கிளம்புவதற்கு முன்பே ரோமிங்கைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடு. மெசேஜ் வரும். அழைப்பு வந்தால் எடுக்காதே, எடுத்தால் காசு. போட்டோக்களைத் தானாக மேலே ஏற்றுவது, ஆப்களைத் தானாகப் புதுப்பிப்பது, இவையெல்லாம் உன்னைக் கேட்காமல் டேட்டாவைத் தின்னும் என்பதால் அவற்றையும் நிறுத்திவை. இவ்வளவும் உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். சரிபார்ப்பதில் எனக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. சிக்கனம் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று பிரிக்கத் தெரியாமல் ஒரு ஆயுள் இருந்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும்.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த ஆங்கிலம்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. எஸ்டேட் மேனேஜர்கள் கல்கத்தாவுக்கும் கொச்சிக்கும் தேயிலை விலை பேச, நான்தான் லைன் போட்டுக் கொடுப்பேன். மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே நுழைந்து, "மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். யாராக இருந்தாலும் கேட்பேன். நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கோயம்புத்தூரில் என் அம்மா வீட்டில் உன்னை விட்டிருந்தோம். உன் அப்பாவுக்குக் குந்தா பவர்ஹவுஸில் வேலை, எனக்கு ஷிஃப்ட். உனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவர் குந்தாவிலிருந்து கோயம்புத்தூருக்குக் கால் புக் பண்ணினார். அது என் போர்டுக்கு வந்தது. நானே இணைத்தேன். என் அம்மா எந்த விஷயத்தையும் ஊர் சுற்றிவிட்டுத்தான் சொல்வாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் தொடங்கியபோது மூன்று நிமிடம் ஆகிவிட்டது. நான் உள்ளே நுழைந்து, நீட்டிக்கவா என்று கேட்டேன்.

"யாரு பேசறது? என் பொண்டாட்டியா, ஆபரேட்டரா?" என்றார் உன் அப்பா.

"ஆபரேட்டர்."

"அப்ப என் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. பையனுக்கு எப்படி இருக்குன்னு அவளுக்காகவும்தான் கேட்டுட்டு இருந்தேன், அதுக்குள்ள ஒரு ஆபரேட்டர் வந்து நிறுத்திட்டாங்கன்னு."

அவர் நீட்டிக்கச் சொல்லவில்லை. நான் லைனைத் துண்டித்தேன். இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். பெற்ற பிள்ளைக்கே சலுகை காட்டாதவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்ட பெருமைக் கதை அது. எல்லோரும் சிரிப்பார்கள், உன் அப்பாவும் சிரிப்பார். அவர் ஒருதரம்கூட அந்தக் கதையைத் தானாகச் சொன்னதில்லை என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது.

நீ ஜெர்மனி போனபோது எனக்கு ரிடையர் ஆகி இரண்டு வருடம். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ காலிங் கார்டு போட்டு வீட்டு போனுக்குக் கூப்பிட வேண்டும். பேச வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும். இது என் உத்தரவு. நானும் ஒரு தாள் வைத்திருப்பேன். உடம்பு, சாப்பாடு, வேலை, வீட்டு வாடகை. ஒவ்வொன்றாகக் கேட்பேன், நீ பதில் சொல்வாய், நான் டிக் போடுவேன். அப்பாவுக்குக் கடைசி ஒரு நிமிடம். அவர் பக்கத்து நாற்காலியில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவரைப் போலக் காத்திருப்பார். அவலாஞ்சியில் மழை எவ்வளவு, டேமில் தண்ணீர் எவ்வளவு என்று உனக்குச் சொல்ல அவரிடம் ஏகப்பட்டது இருக்கும். "அதெல்லாம் அவனுக்கு எதுக்கு?" என்பேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பதினோரு நாளுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த ஒரு வாரத்தில் தோண்டி எடுத்துவிட்டேன். நான் உடம்பு என்றேன். நீ, "பரவாயில்லம்மா" என்றாய். வேலை என்றேன். "லீவு போட்டிருக்கேன்" என்றாய். எதற்கு லீவு என்று கேட்டேன். உனக்குப் பின்னால் யாரோ வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நீ, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் ஆச்சு, அடுத்த வாரத்துக்கு எழுதி வச்சுக்கோ, அப்பாகிட்ட கொடுக்கறேன்" என்றேன். அவர் வாங்கி, "சாப்பிட்டியா சாமி?" என்றார். நீ சாப்பிட்டேன் என்றிருப்பாய். உடனே இருமினாய் போலிருக்கிறது, அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

வைத்த பிறகு, "அவன் குரல் நல்லா இல்ல. நாம திருப்பிக் கூப்பிடலாமா?" என்று கேட்டார். இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். "ஆனது ஆகட்டுமே" என்றார். "லைன் அப்படித்தான் கேட்கும். எத்தனை வருஷம் லைன் கேட்ட காது இது? எனக்குத் தெரியாதா?" என்றேன். எக்ஸ்சேஞ்சில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது, ஆனந்த். ஒருவர் ஹலோ என்று சொல்லும் விதத்திலேயே, பிள்ளை பிறந்த செய்தியா, ஆள் போன செய்தியா என்று சொல்லிவிடுவேன். பக்கத்து சீட்டுப் பெண்கள் என்னோடு பந்தயம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். யார் யாருடைய குரலிலோ அதைக் கேட்டவளுக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பேசிய தன் பிள்ளையின் குரலில் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மறக்காமல், "போன வாரம் ஏதோ சொல்லணும்னியே?" என்று கேட்டேன். நீ, "ஒண்ணுமில்லம்மா" என்றாய். நான் அதற்கும் டிக் போட்டேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரியாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே நீட்டிச் சொன்னதில்லை. இரண்டு வேலை மாறினாய், வாடகைக்கு மூன்று வீடு மாறினாய், கவிதாவுக்கு ஒருமுறை கரு கலைந்துபோனது. எல்லாம் எனக்கு ஒரு வரியில் வந்தது. என் பிள்ளை சுருக்கமாகப் பேசுகிறவன் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நீ சுருக்கமாகப் பேசுகிறவன் இல்லை. நண்பர்களோடு காருக்குப் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் நீ பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். என்னிடம் சுருக்கமாகப் பேச உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவை மூடிவைத்துவிட்டேன். இந்த இரண்டு வருடமாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான்கு வார்த்தை பேசியதும், "சரி, வச்சுடறேன்" என்று நான் சொல்வது காசுக்காக இல்லை. இப்போது பேசுவதற்கு யாரும் காசு பார்ப்பதில்லை என்று எனக்கும் தெரியும். எனக்கு இடது காது கேட்பதில்லை. ஹெட்போனை முப்பது வருடம் வைத்திருந்த காது. வலது காதில் கேட்கிறது, ஆனால் போனில் வரும் குரல் ஈரத்துணியில் சுற்றினாற்போல வருகிறது. என்ன என்று ஒருமுறை கேட்கலாம், இரண்டுமுறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவளுக்கு டெலிபோனில் பேசுவது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? உனக்கு அம்மாவுக்கு அவசரம் என்று தோன்றியிருக்கும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, ஆனந்த். நாள் முழுக்க என்னிடம் நேரம் இருக்கிறது.

வீட்டு வேலைக்கு வரும் பாக்கியத்துக்கு மட்டும்தான் தெரியும். சிலோனிலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவள், இன்னும் அந்த ஊர்ப் பேச்சு போகவில்லை. "மூணு தரம் கூப்பிட்டேன்தானே அம்மா? காது போய்ட்டுது. மகன்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள் ஒருநாள். உன் வேலையைப் பார் என்றேன். "பார்க்கிறேன்தானே. நீங்க உங்க காதைப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு போய்விட்டாள். அவள் சொன்னபடியே வியாழக்கிழமை கோயம்புத்தூரில் காது டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மெஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே உன் காகிதத்தில் நிமிடக் கணக்கு இருக்கும் கட்டத்தை அடித்துவிடு. எனக்கு நிமிடம் உதவாது. முகம் தெரிந்தால், உதடு அசைவது தெரிந்தால் முக்கால்வாசி புரிந்துவிடுகிறது. இதை டிவி செய்தியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பழகிப் பார்த்துவிட்டேன். எனவே டேட்டா தாராளமாக இருக்கும் திட்டமாகப் பார். வீட்டில் இருக்கும்போது வைஃபையில் பேசு, அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆனால் வெளியே இருக்கும்போது, ஸ்டேஷனிலோ, ஆபீஸ் வாசலிலோ, கடவுளே வேண்டாம், ஆஸ்பத்திரியிலோ இருந்தால், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நீ தள்ளிப்போடாத அளவுக்கு டேட்டா மிச்சம் இருக்க வேண்டும். படம் உறைந்து நின்றால் உன் வாய் பாதியில் நின்றுவிடும், எனக்கு ஒன்றும் புரியாது. மழையில் இங்கே டவர் போய்விடுவதால் என் பக்கத்துக்கு வீட்டுக்கே இன்டர்நெட் இழுக்கச் சொல்லி மணியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஆள் வருகிறான். வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து பேசு. தாளில் எதையும் எழுதிவைத்துக்கொள்ளாதே.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு நீ மட்டும் வா. கவிதா தப்பாக நினைக்கமாட்டாள், நானே அவளிடம் பேசுகிறேன்; தெரியும் என்று அவளிடம் சொன்ன பொய்யையும் சொல்லிவிடுகிறேன். வந்து என் வலது பக்கத்தில் உட்கார். அந்தப் பதினோரு நாளையும் முதல் நாளிலிருந்து சொல். யார் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, பக்கத்துப் படுக்கையில் யார் இருந்தார், சாப்பிட என்ன கொடுத்தார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவுக்கு நடந்து வர உன்னால் முடிந்ததா, என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தாய். கேட்காத இடத்தில் என்ன என்று கேட்பேன், எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன். நீ திருப்பிச் சொல்ல வேண்டும்.

அம்மா